பட்டினி கிடந்து பழகிய வயிற்றைச் சாப்பாட்டுக்குப் பழக்குவது எப்படி?

எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் மாதக்கணக்கில் சாப்பாட்டைக் குறைத்தவர்களுக்கும், தின்றதை வாந்தியெடுத்துப் பழகியவர்களுக்கும், மறுபடி சாப்பிடத் தொடங்கும்போது நாலு வாயிலேயே வயிறு கல் மாதிரி உப்பிவிடும். வீட்டில் இருப்பவர்கள் இதை நடிப்பென்று நினைக்க வேண்டாம். பட்டினியில் இரைப்பையின் அசைவு மந்தமாகிவிடுகிறது. சிறுகுடலின் உள்சுவரும் மெலிந்து, பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி குறைகிறது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் புளித்து வாயுவாகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குறையும்.

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாதவருக்கு வீட்டிலேயே இலை போட்டுவிடாதீர்கள். திடீரென மாவுச்சத்து உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரிந்து இதயத்துடிப்பே தடுமாறும். முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில் ரத்தம் பார்க்க வேண்டும். ஏற்காட்டில் இருந்தாலும் மலையிறங்கி வருவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருத்துவர் சரி என்ற பிறகு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாக ஆறு வேளை கொடுங்கள். திட உணவைவிட நீர்த்த உணவு சீக்கிரம் இறங்கும். நம்ம ஊர் ஜவ்வரிசி இதற்குக் கைகொடுக்கும்: 30 கிராம் நைலான் ஜவ்வரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, 400 மி.லி. தண்ணீரில் அடிபிடிக்காமல் கிளறுங்கள். மணியின் நடுவில் வெள்ளைப் புள்ளி மறைந்து கண்ணாடியாகத் தெரிந்தால் வெந்துவிட்டது. ஆறியபின்தான் மோர் சேர்க்க வேண்டும். சூட்டில் சேர்த்தால் திரிந்துவிடும். ஜவ்வரிசியில் புரதம் இல்லை என்றே சொல்லலாம். அதனால் கூடவே ஒரு முட்டையோ, குழைய வெந்த பாசிப்பருப்போ கட்டாயம் வேண்டும். பச்சைக் காய்கறியும் தவிடும் இப்போது வேண்டாம், வயிற்றை அடைத்துக்கொள்ளும்.

ஒரு டம்ளர் பாலில் (200 மி.லி.) சுமார் 10 கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை இருக்கிறது. அதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டோடு 50 மி.லி.யில் தொடங்கி, நாலைந்து நாளுக்கொருமுறை கூட்டுங்கள். தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். மாம்பழத்திலும் தேனிலும் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் என்ற பழச் சர்க்கரை அதிகம். அது முழுதாக உறிஞ்சப்படாவிட்டால் இதுவும் புளித்து வாயுவாகும். முழு மல்கோவா உப்பசம் தந்தால், சாப்பாட்டுக்குப் பின் இரண்டு துண்டு போதும். ஆரஞ்சு அவ்வளவு படுத்தாது. பசியை அடக்க மெல்லும் சர்க்கரையில்லாத சூயிங்கத்தை அவசியம் விசாரியுங்கள்: அதிலுள்ள சார்பிட்டால் என்ற இனிப்பு அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வரும். நிறுத்த வேண்டியது இது ஒன்றைத்தான்.

“எனக்குப் பால் ஒத்துக்காது, பழம் ஒத்துக்காது” என்று ஒவ்வொன்றாக விலக்குவது, எடைக்குப் பயந்து சாப்பாட்டை ஒதுக்கும் இந்த நோய்க்கே தீனி. அளவைக் குறைக்கலாம், பதிலுக்கு வேறு கொடுக்கலாம். வெறுமனே எடுத்துவிடக் கூடாது. இந்தச் சர்க்கரைகள் செரிக்கின்றனவா என்று மூச்சில் ஹைட்ரஜன் பார்க்கும் பரிசோதனைக்கு இரவெல்லாம் பட்டினி இருக்க வேண்டும் என்பதால், உடல் தேறிய பிறகு மருத்துவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

நிறையச் சாப்பிட்டபின் வயிறு வீங்கித் தாங்க முடியாமல் வலித்தாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே 108. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம்.