"நம்ம நாய்தானே" என்று குழந்தையை அதனிடம் விட்டுவிட்டுப் போகலாமா?

கூடாது. பள்ளிக்கூடம் போகிற வயதுகூட வராத குழந்தையை எந்த நாயோடும் தனியாக விடக்கூடாது. பத்து வருடமாக வீட்டில் வளரும் லாப்ரடாராக இருந்தாலும் சரி, போன மாதம் வந்த சிப்பிப்பாறைக் குட்டியாக இருந்தாலும் சரி. உங்கள் நாய் கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. தனக்குப் பிடிக்கவில்லை என்பதை நாய் கடிப்பதற்கு முன் பலமுறை காட்டும். குழந்தைக்கு அது புரியாது. புரிந்துகொள்ள ஒரு பெரியவர் அங்கே இருந்தாக வேண்டும்.

"இதுவரை யாரையும் கடிச்சதே இல்லை" என்பதுதான் எல்லாரும் சொல்லும் முதல் சமாதானம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், குழந்தைகளைக் கடித்த நாய்களைப் பற்றி 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நாய்கள் அதற்கு முன் ஒரு குழந்தையையும் கடித்ததில்லை. பாதி நாய்களுக்கு ஏதோ ஓர் உடல் உபாதை இருந்தது, அல்லது இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டது. வயதான நாய்க்கு இடுப்பு மூட்டு வலிக்கும், காதுக்குள் சீழ் பிடித்திருக்கும். வெளியே தெரியாது. குழந்தை ஆசையாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும்போது அந்த வலிக்குத்தான் அது திரும்பும். நேற்றுவரை சும்மா இருந்த நாய் இன்று குழந்தையைக் கண்டு நகர்ந்து போகிறது என்றால் அதட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது, எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது: உறுமிய நாயை அடிப்பது. நாய் எடுத்த எடுப்பில் உறுமாது. முதலில் தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும். மூக்கை நக்கிக்கொள்ளும். முகத்தை வேறு பக்கம் திருப்பும், ஆனால் கண் மட்டும் குழந்தை மேல் இருக்கும். விழி ஓரத்தில் வெள்ளை தெரியும். முடிந்தால் எழுந்து போய்விடும். முடியாவிட்டால் உடம்பு விறைத்து அசையாமல் நிற்கும். இத்தனையையும் யாரும் கவனிக்காதபோதுதான் உறுமுகிறது. அதற்கும் ஓர் அடி விழுந்தால், உறுமினால் அடி கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். வீட்டில் பிறகு "திடீர்னு கடிச்சிடுச்சு" என்பார்கள்.

நாய் முதுகில் குழந்தையை உட்கார வைத்து எடுத்த வீடியோக்களை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். "எவ்வளவு பொறுமை!" என்று நாம் வியக்கும் நாய்களில் பல அந்தக் கொட்டாவியையும் அந்த வெள்ளை விழியையும் காட்டிக்கொண்டிருக்கும். வாலாட்டுகிறதே என்றால், விறைத்த உடம்போடு ஆடும் வால் மகிழ்ச்சியைக் காட்டுவதில்லை. குழந்தைகளோ பல்லைக் காட்டும் நாயைப் பார்த்தே அது சிரிக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சின்னக் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குழந்தையைத் தரையில் உட்கார வைத்துத்தான் ஊட்டுகிறோம். தட்டும் நாயின் வாயும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. கையில் முறுக்கோடு தவழும் குழந்தை, பின்னாலேயே நாய். அந்த நேரத்தில் நாய் வேறு அறையில் இருக்கட்டும். நாய் சாப்பிடும்போது குழந்தை கிட்டேயே போகக்கூடாது. "பழகட்டும்" என்று குழந்தையின் கையைப் பிடித்து நாயின் கிண்ணத்துக்குள் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பு சொன்ன அமெரிக்க ஆய்வில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மற்ற நேரங்களைவிட அதிகமாகக் கடிபட்டது நாய் தன் உணவையோ பொருளையோ காத்துக்கொண்டிருந்தபோதுதான்.

பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண் சில மாதம் கழித்துக் கைக்குழந்தையோடு திரும்பும்போது வீட்டு நாய் அவளைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கும். குழந்தை கையில் இருக்கும்போது அந்தச் சந்திப்பு வேண்டாம். அவள் முதலில் தனியாக வந்து நாயைக் கொஞ்சி அமைதிப்படுத்தட்டும், குழந்தை பிறகு உள்ளே வரட்டும். தூளி கட்டும் வீடுகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தாழ்வாகத் தொங்கி ஆடும் துணி, உள்ளிருந்து சிணுங்கல், பால் வாசனை: நாய் மோந்து பார்க்கத்தான் வரும், ஆனால் துணியை இழுத்தாலோ முன்னங்காலைத் தூக்கி வைத்தாலோ போதும். தூளி இருக்கும் அறைக் கதவு சாத்தியிருக்கட்டும்.

பகலெல்லாம் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு எழுந்து போக இடமே கிடையாது. மே மாத லீவில் வரும் உறவுக்காரப் பிள்ளைகளுக்கு அதைச் சீண்டுவது ஒரு விளையாட்டு. தீபாவளி சமயம் வெடிச்சத்தத்தில் கட்டிலடியில் ஒடுங்கிய நாயை இழுத்து வெளியே கொண்டுவரப் பார்ப்பதும் அதே போல ஆபத்துதான்.

"நான் அடுப்படியிலதானே இருந்தேன்" என்பது பார்த்துக்கொள்வதாகாது. போனைப் பார்த்தபடி பக்கத்தில் இருப்பதும் ஆகாது. எட்டு வயது அண்ணனைக் காவல் வைத்தால், பார்த்துக்கொள்ள வேண்டியது இரண்டு பிள்ளைகள் என்றாகிறது. குளிக்கப் போகிறீர்களா, கேஸ்காரர் வந்திருக்கிறாரா, ஒன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள், இல்லையென்றால் நாயைக் கதவுக்கு அந்தப் பக்கம் விடுங்கள்.

2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு, பேச்செல்லாம் நாயின் இனத்தைப் பற்றியே இருந்தது. நியாயம்தான், பெரிய நாய் கடித்தால் சேதம் பெரிது. ஆனால் பொமரேனியன் வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். தவழும் குழந்தையின் முகம் எந்த நாய்க்கும் எட்டும் உயரத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்குக் கடி பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் கழுத்திலும் விழுகிறது.

கடித்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். பிறகு உடனே மருத்துவமனை. வெறிநோய்த் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். முகத்தில் பட்ட கடியென்றால் கிருமி மூளையை எட்டும் தூரம் குறைவு. காயத்திலேயே போடும் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் எதிர்ப்புப் புரதம்) ஊசியும் தேவைப்படும், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. நம் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதே என்று வீட்டிலேயே முடிவு செய்யாமல், அதையும் டாக்டரிடம் சொல்லி அவரை முடிவு செய்யச் சொல்லுங்கள்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் சின்னக் கீறலை மறைத்துவிடுவார்கள். நமக்குத் திட்டு விழும் என்று பாதி, நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று பாதி. பல் பட்டாலும் நகம் பட்டாலும் வந்து சொல்ல வேண்டும், சொன்னால் யாரும் திட்டமாட்டோம், நாயையும் அனுப்பமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.