பெரிய ஜேசன் கோப்புகளை நினைவகம் நிரம்பாமல் கையாளுதல்: விக்கித்தரவைக் கொண்டு ஒரு செய்முறை

யாரும் தொகுக்கக்கூடிய திறந்த தரவுக் களஞ்சியமான விக்கித்தரவுத் திட்டத்தின் மொத்த உள்ளடக்கமும், திறவுகோலும் மதிப்புமாகத் தரவை எழுதிவைக்கும் உரை வடிவமான ஜேசனில், வாரந்தோறும் ஒரே கோப்பாக வெளியிடப்படுகிறது. ஜிசிப் முறையில் சுருக்கப்பட்ட நிலையிலேயே அது 100 ஜிபியைத் தாண்டும். உலகின் ஊர்கள், ஆறுகள், நூல்கள், மனிதர்கள் என எல்லாவற்றுக்கும் தமிழில் என்ன பெயர் பதிவாகியுள்ளது என்பதை அந்தக் கோப்பிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் கற்கத் தொடங்கியவர், தமக்குத் தெரிந்த முறைப்படி கோப்பைத் திறந்து ஜேசன் தொகுதியின் ‘லோட்’ செயற்கூறிடம் ஒப்படைப்பார். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் மட்டுமல்ல, அதைவிடப் பல மடங்கு பெரிய சேவையகத்திலும் அந்த நிரல் முடிவுக்கு வராது. ஏன் வராது, அதே கணினியில் அதே வேலையை எப்படி முடிப்பது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். பைத்தானில் ஒரு மடக்கு எழுதத் தெரிந்திருந்தால் போதும்.

முதல் படி: எந்த வரம்பில் முட்டினோம் என்று அறிதல்

பெரிய ஜேசன் கோப்புகளில் இருவேறு வரம்புகள் குறுக்கிடுகின்றன. இவற்றை ஒன்றெனக் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் பொருந்தாத தீர்வைத் தேடிக் காலத்தை இழக்கிறார்கள்.

முதலாவது நினைவக வரம்பு. பைத்தானில் இது ‘மெமரி எரர்’ என்ற பிழையாகத் தோன்றும். லினக்ஸில் பல நேரம் பிழைச்செய்தி கூட வராமல், ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிரல் நின்றுவிடும். மற்ற செயல்களைக் காப்பதற்காக இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலே அதிக நினைவகம் பிடித்த செயலை நிறுத்திவிட்டது என்பது அதன் பொருள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே இயக்கும் நோட் ஜேஎஸ்ஸில் இதுவே ‘ஜாவாஸ்கிரிப்ட் ஹீப் அவுட் ஆஃப் மெமரி’ என்று வரும். ஹீப் என்பது நிரலின் பொருள்கள் தங்கும் நினைவகப் பகுதி.

இரண்டாவது சர வரம்பு. ஸ்ட்ரிங் எனப்படும் ஒரு சரம் எவ்வளவு நீளமாக இருக்கலாம் என்பதற்கு நிரல்மொழியின் இயந்திரமே விதிக்கும் எல்லை இது. குரோமிலும் நோட் ஜேஎஸ்ஸிலும் இயங்கும் வி8 இயந்திரத்தில், இன்றைய 64 பிட் பதிப்புகளில், ஒரு சரத்தின் உச்ச நீளம் 53,68,70,888 அலகுகள் (ஓர் ஆங்கில எழுத்து ஓர் அலகு). ஃபயர்ஃபாக்ஸில் அது ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே 512 எம்பியைத் தாண்டிய ஓர் ஆங்கில ஜேசன் கோப்பை நோட்டில் ஒரே சரமாகப் படிக்க இயலாது. 64 ஜிபி ரேம் இருந்தாலும் இயலாது. ஹீப்பின் அளவை உயர்த்தும் அமைப்பை மாற்றிப் பார்ப்பது இங்கே பயன் தராது, ஏனெனில் அது முதல் வரம்பை மட்டுமே தளர்த்துகிறது. ‘இன்வேலிட் ஸ்ட்ரிங் லெங்த்’ என்ற செய்தியைக் கண்டால் சர வரம்பில் முட்டிவிட்டீர்கள் என்று உறுதியாகக் கொள்ளலாம். பெரிய பொருள் ஒன்றைச் சரமாக மாற்றும் ‘ஸ்ட்ரிங்கிஃபை’ செயற்கூறும் இதே செய்தியோடுதான் நிற்கும். பைத்தானின் சரத்துக்கு நடைமுறையில் அப்படி ஒரு தனி வரம்பு கிடையாது. அங்கே ரேம்தான் எல்லை.

இந்த எல்லைகள் ஜேசன் வடிவத்துக்குப் புறம்பானவையும் அல்ல. 2017 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 8259 என்ற தரநிலை, ஏற்கப்படும் உரையின் அளவுக்கும் சரங்களின் நீளத்துக்கும் ஒவ்வொரு செயலாக்கமும் தனக்கென வரம்பு விதித்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

இரண்டாம் படி: கோப்பின் வடிவத்தைப் பார்த்தல்

நிரல் எழுதுவதற்கு முன் கோப்பின் தொடக்கத்தைக் கண்ணால் பாருங்கள். லினக்ஸின் ‘ஹெட்’ கட்டளையில் வரிக் கணக்கைக் கொடுக்காமல் பைட் கணக்கைக் கொடுங்கள். முதல் 2,000 பைட் போதும். பல ஜேசன் கோப்புகளில் மொத்தத் தரவும் ஒரே வரியில் இருப்பதால், ‘முதல் வரியைக் காட்டு’ என்று கேட்டால் முழுக் கோப்பும் திரையில் கொட்டத் தொடங்கிவிடும். இதே காரணத்தால், பெரிய ஜேசன் கோப்பை உரைத்திருத்தியில் திறக்கவும் வேண்டாம்.

விக்கித்தரவுக் கோப்பின் முதல் வரியில் [ என்ற குறி மட்டும் இருக்கும். அதன்பின் ஒவ்வொரு வரியிலும் ஓர் உருப்படி முழுமையாக இருந்து, இறுதியில் ஒரு காற்புள்ளியோடு முடியும். கடைசி வரியில் ] மட்டும் இருக்கும். முழுக் கோப்பும் செல்லுபடியாகும் ஒரே ஜேசன் அணிதான் (சதுர அடைப்புக்குள் வரிசையாக உறுப்புகள் கொண்டது) என்றாலும், வரி வரியாகப் பிரித்துப் படிப்பதற்கு ஏற்றபடி அதை அமைத்திருக்கிறார்கள். வெளியிட்டவர்களின் இந்த முன்யோசனை மிகவும் பாராட்டத்தக்கது. பெரிய தரவை வெளியிடும் எவரும் இதைப் பின்பற்றலாம்.

மூன்றாம் படி: கோப்பு எப்படிப் பருக்கிறது என்று புரிந்துகொள்ளுதல்

வட்டில் உள்ள அளவை நினைவகத்தில் பிடிக்கப்போகும் அளவாகக் கருதுவதே தொடக்கநிலையில் உள்ளவர்களின் கணக்கைக் குலைக்கிறது. 1947 என்ற எண், கோப்பில் 4 பைட், காற்புள்ளியோடு 5. அதே எண் 64 பிட் பைத்தானின் பட்டியலில் அமரும்போது, எண்ணுக்கு 28 பைட்டும் பட்டியலில் அதைச் சுட்டும் இடத்துக்கு 8 பைட்டுமாக 36 பைட் ஆகிறது. திறவுகோல்களையும் மதிப்புகளையும் இணையாக வைக்கும் அகராதிகளுக்கும் சிறு சரங்களுக்கும் இப்படியே கூடுதல் சுமை உண்டு.

இந்தப் பருமன் ஒருபுறமிருக்க, ‘லோட்’ செயற்கூறு கோப்பைச் சிறிது சிறிதாகப் படிப்பதில்லை. முழுக் கோப்பையும் முதலில் ஒரே சரமாகப் படித்த பிறகே அதைப் பொருள்களாக மாற்றத் தொடங்குகிறது. மாற்றம் முடியும்வரை அந்த மாபெரும் சரமும், அதிலிருந்து பிறந்துகொண்டிருக்கும் பொருள்களும் சேர்ந்தே நினைவகத்தில் தங்குகின்றன.

தமிழ்த் தரவைக் கையாள்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். பைத்தான் 3.3 முதல், ஒரு சரத்தில் உள்ள எழுத்துகளைப் பொறுத்து, அந்தச் சரம் முழுவதும் எழுத்துக்கு 1, 2 அல்லது 4 பைட் என்ற கணக்கில் வைக்கப்படுகிறது. ஆங்கிலம் மட்டும் உள்ள 1 ஜிபி கோப்பு, 1 ஜிபி சரமாகிறது. அதே கோப்பில் எங்காவது ஒரே ஒரு தமிழ் எழுத்து இருந்தால், ஆங்கில எழுத்துகள் உட்பட ஒவ்வொன்றும் 2 பைட் பெற்று, சரம் 2 ஜிபி ஆகிவிடுகிறது. ஒரே ஒரு எமோஜி இருந்தால் 4 ஜிபி. நூறு மொழிகளுக்கு மேல் கலந்திருக்கும் விக்கித்தரவு போன்ற கோப்பை ஒரே சரமாக்குவது ஏன் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். வரி வரியாகப் படித்தாலோ, எமோஜி உள்ள அந்த ஒரு வரி மட்டுமே கூடுதல் இடம் பிடித்து உடனே விடுவிக்கும்.

நான்காம் படி: ஒரு நேரத்தில் ஓர் உருப்படி

இனி நிரலுக்கு வருவோம். சுருக்கிய கோப்பை விரித்து வட்டில் சேமிக்க வேண்டியதில்லை. பைத்தானின் ‘ஜிசிப்’ தொகுதியிலுள்ள ‘ஓப்பன்’ செயற்கூறைக் கொண்டு, கோப்பை உரை முறையில் திறந்து, எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறையான குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் விண்டோஸ் கணினிகளில் வேறு குறியாக்கம் எடுத்துக்கொள்ளப்பட்டு, தமிழ் எழுத்துகள் சிதையவோ பிழை வரவோ கூடும்.

அடுத்து, திறந்த கோப்பின் மீதே ‘ஃபார்’ மடக்கை ஓட்டுங்கள். ‘ரீட்லைன்ஸ்’ செயற்கூறை அழைக்க வேண்டாம். அது எல்லா வரிகளையும் பட்டியலாக்கி, நாம் தவிர்க்க முயலும் நிலைக்கே நம்மைக் கொண்டுபோகும். மடக்கின் உள்ளே, வரியின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடங்களையும், இறுதியிலுள்ள காற்புள்ளியையும் நீக்குங்கள். எஞ்சியது [ அல்லது ] மட்டும் என்றால் அடுத்த வரிக்குச் செல்லுங்கள். மற்ற வரிகளைச் சரத்திலிருந்து பொருளாக்கும் ‘லோட்ஸ்’ செயற்கூறிடம் கொடுங்கள்.

கிடைக்கும் அகராதியில் ‘லேபிள்ஸ்’ என்ற திறவுகோலின் கீழ் மொழிக் குறியீடுகள் இருக்கும். தமிழுக்குரிய ‘டிஏ’ குறியீட்டின் கீழ் ‘வேல்யூ’ என்ற திறவுகோலில் பெயர் இருக்கும். சென்னைக்குரிய உருப்படியான கியூ1352இல் அந்த இடத்தில் ‘சென்னை’ என்று காண்பீர்கள். எல்லா உருப்படிகளுக்கும் தமிழ்ப் பெயர் கிடையாது என்பதால், திறவுகோலை நேரடியாக அழைக்காமல் ‘கெட்’ வழியாகக் கேளுங்கள். விக்கித்தரவு இயங்கும் பிஎச்பி மொழியில் உருவாக்கப்படும் ஜேசனில் வெற்று அகராதி, வெற்று அணியாக வெளிவருவது உண்டு. அதனால் கிடைத்தது அகராதிதானா என்ற சோதனையையும் சேர்த்துவிடுங்கள். உருப்படியின் அடையாள எண்ணையும் பெயரையும் வெளியீட்டுக் கோப்பில் ஒரு வரியாக எழுதிய பின், மடக்கு அடுத்த வரிக்கு நகரும்போது பழைய உருப்படி நினைவகத்திலிருந்து தானாக நீங்கிவிடும்.

வேகம் போதவில்லை என்றால், ‘லோட்ஸ்’ செயற்கூறை அழைப்பதற்கு முன்பே, மேற்கோள் குறிகளுக்குள் ‘டிஏ’ என்ற குறியீடு அந்த வரியில் இருக்கிறதா என்று சரமாகத் தேடிப் பாருங்கள். இல்லாத வரிகளைப் பொருளாக்கும் செலவு முழுவதும் மிச்சமாகும்.

கோப்பை வரிகளாகப் படிக்காமல், நிலையான அளவுள்ள பைட் துண்டுகளாக நீங்களே வெட்ட முனைந்தால் ஓர் ஆபத்து உள்ளது. ‘த’ என்ற எழுத்து யுடிஎஃப்-8இல் 224, 174, 164 என்ற மூன்று பைட்டுகள். துண்டின் எல்லை இவற்றின் நடுவே விழுந்தால் எழுத்து உடைந்து பிழை வரும். உரை முறையில் திறந்த கோப்பு இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. அந்தப் பொறுப்பை அதனிடமே விட்டுவிடுவது நல்லது.

ஐந்தாம் படி: வரிகளாகப் பிரியாத கோப்புகள்

எல்லாம் ஒரே வரியில் உள்ள கோப்புக்கு ‘ஐஜேசன்’ என்ற நூலகத்தை நிறுவிக்கொள்ளுங்கள். கோப்பை இரும முறையில் திறந்து, அதன் ‘ஐட்டம்ஸ்’ செயற்கூறிடம் கோப்பையும் ஒரு பாதையையும் கொடுக்க வேண்டும். கோப்பின் வெளிக்கூடே அணி என்றால் பாதை ‘ஐட்டம்’. ‘ரெக்கார்ட்ஸ்’ என்ற திறவுகோலின் உள்ளே அணி இருந்தால், அந்தப் பெயரையடுத்து ஒரு புள்ளி வைத்து ‘ஐட்டம்’ என்று எழுதுங்கள். அணியின் உறுப்புகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். இதில் தசம எண்கள் இயல்பாக ‘டெசிமல்’ வகையில் வருவதால், அவற்றை அப்படியே மீண்டும் ஜேசனாக எழுதும்போது பிழை எழும். ‘யூஸ் ஃப்ளோட்’ என்ற விருப்பத்தை இயக்கினால் சரியாகிவிடும். நோட் பயன்படுத்துவோருக்கு ‘ஸ்ட்ரீம்-ஜேசன்’ நூலகம் இதே பணியைச் செய்கிறது.

ஆறாம் படி: எழுதும்போதும் அதே கவனம்

படிப்பதில் சிக்கனம் காட்டிவிட்டு, முடிவுகளையெல்லாம் ஒரு பட்டியலில் குவித்து இறுதியில் பொருளைச் சரமாக்கும் ஒரே ‘டம்ப்ஸ்’ அழைப்பில் எழுதினால் உழைப்பு வீணாகும். ஒரு வரிக்கு ஒரு ஜேசன் பொருள் என்ற ஜேசன் லைன்ஸ் வடிவில், கிடைக்கக் கிடைக்க எழுதுங்கள். பைத்தான் இயல்பாகத் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியையும் பின்சாய்வுக்கோட்டோடு தொடங்கும் ஆறு ஆங்கில எழுத்துகளாக மாற்றி எழுதும் என்பதையும் கவனியுங்கள். ‘சென்னை’ என்ற சொல்லில் ஆறு யூனிகோடு குறிகள் உள்ளன; நேரடியாக எழுதினால் 18 பைட், மாற்றி எழுதினால் 36 பைட். ‘என்ஷூர் ஆஸ்கி’ என்ற விருப்பத்தை அணைத்துவிட்டால் கோப்பும் சிறுக்கும், திறந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தமிழாகவும் தெரியும்.

முடிவுகள் தரவுத்தளத்துக்குப் போவதானால் அங்கும் எல்லைகள் உண்டு. மோங்கோடிபியில் ஓர் ஆவணம் 16 எம்பிக்கு மேல் போகக்கூடாது, போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் ஒரு புலத்தின் உச்சம் 1 ஜிபி, மைஎஸ்கியூஎல் 8.0இல் ஒரே தடவையில் அனுப்பும் தரவான ஒரு பாக்கெட்டின் இயல்பு வரம்பு 64 எம்பி. முழுக் கோப்பையும் ஒரே பதிவாகச் செருகாமல், உருப்படிக்கு ஒரு பதிவாகச் செருகுங்கள்.

ஏழாம் படி: சோதித்துப் பார்த்தல்

முழுக் கோப்பையும் ஓட்டுவதற்கு முன், முதல் 10,000 வரிகளோடு நிரலை நிறுத்திப் பாருங்கள். நினைவகப் பயன்பாட்டை அளக்கும் ‘ட்ரேஸ்மால்லாக்’ தொகுதியைத் தொடக்கத்தில் இயக்கிவிட்டு, ஆயிரம் வரிகளுக்கு ஒருமுறை இப்போதைய அளவையும் உச்ச அளவையும் அச்சிடுங்கள். இப்போதைய அளவு ஏறி இறங்கினாலும் ஒரே மட்டத்தைச் சுற்றி நிற்க வேண்டும். சோதனை முடிந்ததும் இந்தத் தொகுதியை எடுத்துவிடுங்கள், அது நிரலை மெதுவாக்கும். அளவு விடாமல் ஏறிக்கொண்டே போனால், மடக்குக்கு வெளியே உள்ள ஏதோ ஒரு பட்டியலோ அகராதியோ வளர்ந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது, ஒரே பெயர் இருமுறை வருகிறதா என்று பார்ப்பதற்காக நீங்கள் வைத்த அகராதியாக இருக்கும். அதை வட்டில் ஒரே கோப்பாக இருக்கும் சிறு தரவுத்தளமான எஸ்கியூலைட்டின் அட்டவணையாக மாற்றி, பெயர் நெடுவரிசைக்கு விரைந்து தேட உதவும் ஒரு குறியட்டை (இண்டெக்ஸ்) உருவாக்கிவிட்டு, மீண்டும் அதே 10,000 வரிகளை ஓட்டிப் பாருங்கள்.