பால்மறந்த குழந்தையைப்போல: ஆத்தும நிறைவை நாடுவோருக்குச் சில வழிமுறைகள்

ஜெபித்து எழும்போது மனம் லேசாக இருந்தால் தேவன் அருகில் இருந்தார் என்றும், அப்படி இல்லாவிட்டால் அவர் விலகிவிட்டார் என்றும் கணக்குப் பார்க்கும் பழக்கம் விசுவாசிகள் பலருக்கு உண்டு. எனக்கும் அது பல ஆண்டுகள் இருந்தது. ஆத்தும நிறைவைத் தேடுகிறவர் முதலில் விட வேண்டியது இந்தக் கணக்கைத்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

அதை விடுவதற்கு வேதாகமத்தின் 131-ஆம் சங்கீதம் நல்ல தொடக்கம். அதில் 3 வசனங்களே உள்ளன. "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்" என்கிறது அதன் நடு வசனம். பால்குடிக்கும் குழந்தை மடியில் ஏறியவுடன் முகத்தால் மார்பை முட்டும். பால் கிடைக்கத் தாமதமானால் வீறிட்டு அழும். பால் மறந்த குழந்தை அதே மடியில் ஏறி, தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்கு வேண்டியது தாயிடமிருந்து ஏதோ ஒன்று அன்று, தாயேதான். ஆனால் பால் மறக்கடிக்கப்பட்ட நாட்களில் அதுவும் அழுதுதான் இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆறுதலான உணர்வுகள் வற்றிப்போகும் காலமும் விசுவாசியின் வாழ்வில் அப்படியொரு வளர்ச்சியின் காலமாக இருக்கக்கூடும்.

நடைமுறைக்கு வருவோம். தினமும் தவறாமல் தரக்கூடிய நேரம் எவ்வளவு என்பதை முதலில் நேர்மையாக முடிவுசெய்யுங்கள். ஆரம்பத்தில் 20 நிமிடங்கள் போதும். ஒரு வாரம் 2 மணி நேரம் ஜெபித்துவிட்டு மறுவாரம் கைவிடுவதைவிட இது மேலானது. கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். ஒரு சங்கீதத்தை வாய்விட்டு, நிதானமாக வாசியுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் கிகோ என்ற துறவி வேதவாசிப்பை 4 படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார்: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், தேவசமுகத்தில் அமைதியாக அமர்ந்திருத்தல். நம்மில் பலர் முதல் படியில் ஓடிவிட்டு மூன்றாவது படிக்குத் தாவுகிறோம். இரண்டாவதும் நான்காவதும் விடுபட்டுப் போகின்றன.

உதாரணமாக, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்ற வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனப்பாடமாகத் தெரிந்ததால் நாம் இதை எளிதாகக் கடந்துவிடுவோம். "தாழ்ச்சியடையேன்" என்ற சொல்லில் நின்று, இன்று எது எனக்குக் குறைவுபடும் என்று நான் அஞ்சுகிறேன் என்று கேட்டுப் பாருங்கள். பணமா, ஒருவருடைய மதிப்பா, பிள்ளையின் எதிர்காலமா? விடை எதுவோ அதுவே அன்றைய ஜெபம். அதைச் சொல்லிவிட்டு, மீதமுள்ள நிமிடங்களில் எதையும் கேட்காமல் அமர்ந்திருங்கள். மனம் அலைந்தால் அதே சொல்லுக்குத் திரும்புங்கள். எத்தனை முறை திரும்ப நேர்ந்தாலும் அது தோல்வியல்ல.

இரவில் இன்னொரு 10 நிமிடங்கள் வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கக் குருவான லொயோலா இஞ்ஞாசியார் வகுத்துத் தந்த ஆத்தும சோதனையை எந்தச் சபையைச் சேர்ந்தவரும் கைக்கொள்ளலாம்: நன்றி சொல்லி, தேவனுடைய வெளிச்சத்தைக் கேட்டு, அன்றைய நாளைக் காலையிலிருந்து நினைத்துப் பார்த்து, தவறியவற்றுக்கு மன்னிப்புக் கேட்டு, நாளைய தினத்தை அவரிடம் ஒப்புக்கொடுப்பது. இங்கே பொத்தாம்பொதுவாகப் பேசக் கூடாது. "கோபப்பட்டேன்" என்று சொல்லி நிறுத்தாமல், "மதியம் தொலைபேசியில் தங்கை பேசிக்கொண்டிருந்தபோதே இணைப்பைத் துண்டித்தேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன இரவில்தான், மறுநாள் காலை ஜெபத்துக்கு முன் அவளை அழைத்துப் பேச வேண்டும் என்பது எனக்குத் தெளிவானது. சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதும் இதையே. உண்மையாய் வாழ்வது பெரும்பாலும் இவ்வளவு சிறிய காரியங்களில்தான் நடக்கிறது.

இவற்றைத் தனியாகச் செய்துகொண்டு சபையை விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஜெபிக்க முடியாத நாளில் உங்களுக்காக ஜெபிக்க ஒருவராவது வேண்டும்.

வறட்சியைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். 1 இராஜாக்கள் 19-இல், சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. அவன் தூங்கினான்; தூதன் தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான்; மறுபடியும் தூங்கினான். தேவன் அவனோடு பேச வந்த மெல்லிய சத்தம் அதற்கெல்லாம் பிறகே கேட்டது. ஆகவே சோர்வு நீடித்தால் உறக்கத்தையும் உணவையும் கவனியுங்கள். உயிர்மேல் வெறுப்பு வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடமும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடமும் சொல்லுங்கள். அது அவிசுவாசம் அல்ல.

உடல்நலத்தில் குறையில்லாமல், ஜெபம் மட்டும் வெறுமையாக இருக்கும் நாட்களில் 88-ஆம் சங்கீதத்தை எடுங்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியாக மாறி முடியும். இது ஆறுதலான ஒரு சொல்கூட இல்லாமல் முடிகிறது. ஆனாலும் அதன் முதல் வரி அவரை "என் இரட்சிப்பின் தேவன்" என்றே அழைக்கிறது. அதை வாய்விட்டு வாசியுங்கள். உங்களுடையதாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. குறித்த நேரம் முடியும்வரை அமர்ந்திருந்துவிட்டு, எழுந்து அன்றைய வேலைக்குச் செல்லுங்கள். மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்துக்கு வாருங்கள்.