பெர்லினில் புதுக்குடித்தனம்: முதலில் பெயர்ப்பலகை

பெர்லினில் வீடு கிடைத்ததும் முதல் வேலையாக, அழைப்புமணியிலும் தபால்பெட்டியிலும் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டுக்குத் தனி எண் கிடையாது. தபால்காரர் பெயரைத்தான் தேடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் தபாலில்தான் வரும். கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராக இருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள், ஏனென்றால் கடிதம் அவர் பெயருக்கே வரும்!

அடுத்தது முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதற்கான நேரம் கிடைப்பதே பெரும்பாடு. நகரின் எந்தப் பகுதி பூர்கர்ஆம்டுக்கும் (குடிமக்கள் சேவை அலுவலகம்) போகலாம், உங்கள் பகுதி அலுவலகம்தான் என்றில்லை. நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவத்தைக் கட்டாயம் கொண்டுபோங்கள். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிவுக்கு ஒத்துக்கொள்ளாத வீட்டுக்கு, வாடகை எவ்வளவு குறைவானாலும், முன்பணம் கொடுக்காதீர்கள்.

முகவரி தேடும்போது இன்னொரு வேடிக்கை உண்டு. பழைய தெருக்கள் பலவற்றில் வீட்டு எண்கள் ஒரு பக்கமாகவே 1, 2, 3 என்று கடைசிவரை போய், எதிர்ப்பக்கமாகத் திரும்பி வரும். அதனால் 1ஆம் எண்ணுக்கு எதிரே தெருவின் கடைசி எண் நிற்கும். குர்ஃபூர்ஸ்டன்டாம் சாலையோ 11இல்தான் தொடங்குகிறது. தெருமுனைப் பெயர்ப்பலகையின் கீழ் அந்தப் பகுதிக்கான எண்கள் எழுதியிருக்கும், அதைப் பார்த்து நடங்கள். எண் கிடைத்தும் பெயர் அகப்படவில்லையா? முற்றத்தைக் கடந்து பின்கட்டிடத்தில் பாருங்கள்.

ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லை என்று ஏமாந்துவிடாதீர்கள். சாதாரண உடையில் பரிசோதகர்கள் ஏறுவார்கள். டிக்கெட் இல்லாவிட்டால் 60 யூரோ. காகித டிக்கெட்டை முத்திரை இயந்திரத்தில் குத்தாவிட்டாலும் அதே கதிதான்.

டிராம் ஏன் பெரும்பாலும் கிழக்குப் பகுதியிலேயே ஓடுகிறது என்று யாராவது கேட்பார்கள். நகரம் கிழக்கு, மேற்கு என்று பிரிந்திருந்தபோது, மேற்கு பெர்லின் 1967இல் டிராமை நிறுத்திவிட்டது, கிழக்கு நிறுத்தவில்லை. இரண்டையும் பிரித்த சுவர் 1989இல் திறந்தும் அந்தக் கணக்கு இன்னும் முழுதாக நேராகவில்லை. வீடு பார்க்கும்போது இதையும் யோசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் பூட்டியிருக்கும், அரிசி பருப்பைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். மறந்துவிட்டால் ஹவுப்ட்பான்ஹோஃப் போன்ற பெரிய ரயில் நிலையங்களில் கடை திறந்திருக்கும், கூட்டம்தான் தாங்காது. பிரிட்ஸ் பகுதியில் முருகன் கோயில் இருக்கிறது. யு7 ரயிலில் பிளாஷ்கோஅல்லேயில் இறங்கினால் பக்கம்.

ஒரு மாலை ஃபிரீட்ரிஷ்ட்ராஸே நிலையத்துக்கும் போய் வாருங்கள். 1980களில் இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இந்த நிலையம் வழியாகத்தான் மேற்கே நுழைந்தார்கள். கிழக்கு ஜெர்மனி அவர்களை மறிக்காமல் அனுப்பியது. மேற்கு பெர்லினோ அதைப் பன்னாட்டு எல்லையாக ஏற்காததால் தன் பக்கத்தில் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. நிலையத்தை ஒட்டிய பழைய எல்லைச் சோதனைக் கூடம், டிரேனன்பலாஸ்ட், இப்போது அருங்காட்சியகம். அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை.