பர்கர் உதிர வேண்டும், சாசேஜ் இறுக வேண்டும்

பர்கருக்கும் சாசேஜுக்கும் சரக்கு ஒன்றுதான்: அரைத்த இறைச்சி, கொழுப்பு, உப்பு. பக்குவம்தான் நேரெதிர். பர்கருக்கான இறைச்சியில் கை படுவதே குறைவாக இருக்க வேண்டும். உப்பைக்கூட அடுப்பில் போடுகிற நேரத்தில் மேலாகத் தூவினால் போதும். சாசேஜுக்கோ கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் உப்பைப் போட்டு, உள்ளங்கையைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொள்ளும்வரை பிசைய வேண்டும். உப்பும் பிசைதலும் சேர்ந்தால் இறைச்சியிலுள்ள மயோசின் என்ற புரதம் கரைந்து வந்து பசையாகும். அந்தப் பசை சாசேஜில் இருந்தே ஆக வேண்டும். பர்கரில் இருக்கவே கூடாது. விலை கூடிய உணவகத்தில் உட்கார்ந்து, கொடுக்கிற காசுக்குச் சரியான பண்டம் வந்திருக்கிறதா என்று பார்க்க இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, கேட்டு வாங்குவதில் இருக்கிறது. இங்கே சொல்வது பெரும்பாலும் அமெரிக்க உணவகங்களை வைத்து. சாசேஜ் என்று வரும்போது ஜெர்மனிக்கு ஒரு நடை போய்வராமல் முடியாது. அதற்கு முன் ஒரு சொல். பன்னுக்கு நடுவே இருக்கும் இறைச்சி வட்டத்தை ஆங்கிலத்தில் சொல்கிறபடியே தமிழில் எழுதினால், ஒன்று பாட்டி வந்து உட்காருவார், இல்லாவிட்டால் பத்திரிகைப் பேட்டி வந்து நிற்கும். ஆகவே அதைக் கறிவடை என்றே வைத்துக்கொள்வோம்.

மெனுவில் எதைப் பார்ப்பது

மெனுவில் போட்டிருக்கும் எடை பச்சை இறைச்சியின் எடை. 8 அவுன்ஸ், அதாவது 225 கிராம் என்று இருந்தால், வெந்து தட்டுக்கு வரும்போது ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருக்கும். கொழுப்பும் நீரும் வடிந்த கணக்கு அது, ஏமாற்று அல்ல.

அடுத்தது 80/20 என்பது போன்ற எண். 80 பங்கு சதை, 20 பங்கு கொழுப்பு. இதுதான் நல்ல பர்கருக்கு நடுவாந்தர அளவு. 90/10 என்று பெருமையாகப் போட்டிருந்தால் உடம்புக்கு நல்லது என்று மகிழ வேண்டாம். கொஞ்சம் கூடுதலாக வெந்தாலே மரத்தூள் மாதிரி ஆகிவிடும். சக் என்கிற தோள்பகுதி, பிரிஸ்கெட் என்கிற நெஞ்சுப்பகுதி, ஷார்ட் ரிப் என்கிற விலாப்பகுதி ஆகியவற்றைக் கலந்து அன்றன்றைக்கு அரைக்கிறோம் என்று எழுதியிருந்தால் அது நல்ல அறிகுறி. எப்போது அரைத்தது என்று பரிமாறுபவரிடம் கேட்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் அது நாகரிகக் குறைவான கேள்வி அல்ல.

வாக்யூ என்கிற ஜப்பானிய மாட்டினத்துக் கறியில் செய்த பர்கருக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். வாக்யூவின் சிறப்பே தசைக்குள் நூல்நூலாகக் கொழுப்பு ஓடுவதுதான். அரைத்துவிட்டால் அந்த நூலோட்டம் போய்விடுகிறது. மிஞ்சுவது கொழுப்பு விகிதம் மட்டும். அதைச் சாதாரணத் தோள்கறியிலேயே கொண்டுவரலாம். டிரஃபிள் என்கிற விலை உயர்ந்த காளானின் பெயரில் வரும் டிரஃபிள் ஃபிரைஸும் இதே ரகம். டிரஃபிள் எண்ணெய் பெரும்பாலும் 2,4-டைதயாபென்டேன் என்ற செயற்கை மணப்பொருள் கலந்த சாதாரண எண்ணெய்தான். உண்மையான டிரஃபிளைச் சீவிப் போடுகிற கடை என்றால் அதை மெனுவில் சொல்லாமல் விடாது.

2001-இல் நியூயார்க்கில் டேனியல் பூலூ என்ற பிரெஞ்சு சமையற்கலைஞர், சிவப்பு ஒயினில் வெந்த ஷார்ட் ரிப்பையும் வாத்து ஈரலையும் கறிவடைக்கு உள்ளே வைத்து ஒரு பர்கர் போட்டார். ஆடம்பர பர்கர் மோகத்துக்கு அது பெரிய தூண்டுதல். அவர் உள்ளே வைத்ததைப் பின்னால் வந்த பலர் மேலே அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். முட்டை, பேக்கன், வெங்காய வளையம் எல்லாம் ஏறிய பர்கரில் இறைச்சியின் ருசியை யாரும் தேட முடியாது. அந்தக் கடையின் கைவரிசை தெரிய வேண்டுமானால், முதல் முறை சீஸ் மட்டும் போட்ட பர்கரை வாங்குங்கள். அமெரிக்கன் சீஸ் என்று கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். அதிலுள்ள உப்புகள் கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்வதால் அது வழுவழுவென்று உருகும். நாள்பட்ட செடார் சூட்டில் எண்ணெய் கக்கித் திரிந்துபோகும்.

வேக்காட்டைச் சொல்லும் விதம்

தடித்த பர்கர் என்றால் எவ்வளவு வேக வேண்டும் என்று கேட்பார்கள். நடுப்பகுதியின் சூட்டை வைத்துச் சொன்னால், மீடியம் ரேர் ஏறத்தாழ 54 முதல் 57 டிகிரி செல்சியஸ். நடு சிவந்து, சாறு சொட்டும். மீடியம் 60 முதல் 63, இளஞ்சிவப்பு. மீடியம் வெல் 65 முதல் 68. நடுவில் ஒரு கீற்று மட்டும் நிறம் இருக்கும். வெல் டன் 71-உம் அதற்கு மேலும்.

அந்த 71 முக்கியம். அமெரிக்க வேளாண் துறை அரைத்த மாட்டிறைச்சிக்குச் சொல்லும் பாதுகாப்பு அளவு அதுதான், 160 ஃபாரன்ஹீட். ஸ்டேக்குக்கு 63 போதும் என்று சொல்கிறவர்கள் பர்கருக்கு ஏன் கூட்டுகிறார்கள்? முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். கல் சூடு பட்டதும் செத்துவிடும். அரைக்கும்போது மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. மெனுவின் அடியில் நட்சத்திரக் குறி போட்டுச் சின்ன எழுத்தில் இருக்கும் எச்சரிக்கை இதற்காகத்தான். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் வெல் டன் தவிர வேறு கேட்கக் கூடாது. நிறத்தைப் பார்த்து முடிவு செய்வதும் நம்பத்தக்கதல்ல: சில இறைச்சி 71 வருமுன்பே பழுப்பாகிவிடும், சில 71 தாண்டியும் சிவப்பாகவே இருக்கும். கனடாவில் பல இடங்களில் இந்தக் கேள்வியே வராது. முழுவதும் வேகவைத்துத்தான் தருவார்கள்.

நம்மவர்களில் பலருக்குச் சிவப்பைக் கண்டாலே ஆகாது. அவர்கள் செய்யும் தவறு, 225 கிராம் தடித்த கறிவடையை வெல் டன்னாகக் கேட்பது. நடு 71-ஐத் தொடுவதற்குள் ஓரமெல்லாம் வறண்டுவிடும், பிறகு சாஸை ஊற்றி ஊற்றி விழுங்க வேண்டியதுதான். அவர்களுக்கு ஏற்றது ஸ்மாஷ் பர்கர். 60 முதல் 85 கிராம் உருண்டையைக் காய்ந்த கல்லில் போட்டு, முதல் அரை நிமிடத்துக்குள் தோசைபோல நசுக்கிவிடுவார்கள். ஓரம் முறுகி வலைபோல ஆகும். உள்ளும் முழுக்க வெந்திருக்கும். இரண்டு அடுக்கு வாங்கினால் தடித்த பர்கரின் எடையில் பாதிக்கு மேல் வந்துவிடும். முறுகலின் ருசியும் இரு மடங்கு. ஆனால் அரை நிமிடம் கழித்து நசுக்கினால், அதற்குள் உருகிய கொழுப்பு பிதுங்கிக் கல்லில் ஓடிவிடும். தட்டில் வந்த ஸ்மாஷ் பர்கர் முறுகலும் இல்லாமல் ஈரமும் இல்லாமல் அட்டையாக இருந்தால் பெரும்பாலும் கல் சூடு போதவில்லை.

பர்கர் வந்ததும் கடிக்காமல் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். கேட்ட வேக்காடு இருக்கிறதா என்று அப்போதே தெரியும். குறைவாக வெந்திருந்தால் மறுபடி கல்லில் போட்டுத் தருவார்கள். கூடிப்போனால் புதிதாகத்தான் போட வேண்டும், அதை உடனே சொன்னால்தான் மதிப்பு. பாதி தின்றபிறகு சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். வெட்டிய முகத்தில் இறைச்சி மணல்மணலாகத் தளர்ந்து தெரிய வேண்டும். ரப்பர்போல வழவழவென்று ஒரே கட்டியாக இருந்தால், உப்பைக் கலந்து முன்கூட்டியே பிசைந்துவிட்டார்கள் என்று பொருள். அதாவது பர்கர் வேடத்தில் சாசேஜ்.

சாசேஜ்

முதலில் உறை. ஆட்டுக்குடல் உறை 22 முதல் 26 மில்லிமீட்டர், பன்றிக்குடல் உறை 32 முதல் 35 வரை. இயற்கை உறைதான் கடிக்கும்போது 'டப்' என்று வெடிக்கும். மாட்டுத்தோலிலிருந்து எடுக்கும் கொலாஜன் உறை ஒரே சீராக, மாத்திரை மாதிரி இருக்கும், வெடிப்பு குறைவு.

நல்ல சாசேஜை வெட்டினால் முகம் நெருக்கமாக, பளபளப்பாக இருக்கும்; கொழுப்பு 25 முதல் 30 சதவீதம் இருந்தும் தட்டில் குளம் கட்டாது. உள்ளே பொடிப்பொடியாக உதிர்ந்து, எண்ணெய் மட்டும் தனியாக வழிந்தால், பிசையும்போது கலவை சூடாகி, கொழுப்பு இளகிப் பிரிந்துவிட்டது. அதனால்தான் சாசேஜ் செய்கிறவர்கள் பனிக்கட்டிச் சில்லுகளைச் சேர்த்து அரைப்பார்கள். உறை வெடித்துக் கிழிந்திருந்தால் தீ அதிகம். தோல் சுருங்கியிருந்தால் சுட்டு வெகுநேரம் வைத்திருந்தது. உள்ளே ரோஜா நிறமாக இருப்பதைக் கண்டு பயந்துவிட வேண்டாம்: நைட்ரைட் சேர்த்துப் பதப்படுத்திய சாசேஜ் எவ்வளவு வெந்தாலும் அந்த நிறம்தான். முள்கரண்டியால் குத்திப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விடுங்கள்; சாறு முழுக்க அந்த ஓட்டையிலேயே போய்விடும்.

பெயர் தெரியாமல் முழிக்காமல் இருக்கச் சில வகைகள். நூர்ன்பெர்கர் விரல் நீளம், 7 முதல் 9 சென்டிமீட்டர், மருக்கொழுந்தை நினைவூட்டும் மார்ஜோரம் மணம். ஒன்று 20 முதல் 25 கிராம்தான். ஆகவே ஆறு, எட்டு என்று வாங்குவார்கள். முதல் தடவைக்கு இதையே சொல்வோம், மேசைக்கு நடுவே வைத்துப் பகிர்ந்துகொள்ளவும் வசதி. வைஸ்வுர்ஸ்ட் மியூனிக் பக்கத்துக் கன்றுக்கறி சாசேஜ். கொதிக்காத வெந்நீரில் மிதந்தபடி சட்டியோடு வரும். அதன் தோலை உரித்துவிட்டு இனிப்புக் கடுகோடு சாப்பிட வேண்டும். மதிய மணி அடிக்குமுன் தின்றுவிட வேண்டும் என்பது அங்கத்திய வழக்கம். குளிர்பெட்டி இல்லாத காலத்தின் மிச்சம். மெர்கேஸ் வட ஆப்பிரிக்காவின் காரமான ஆட்டுக்கறி சாசேஜ். நம் நாக்குக்கு உடனே ஒத்துப்போவது இதுதான். கரிவுர்ஸ்ட் என்ற பெயரில் கறி இருக்கிறதே என்று ஆசைப்பட்டால் ஏமாற்றம்: 1949-இல் பெர்லினில் பிறந்த அது, சாசேஜின் மேல் இனிப்புத் தக்காளி சாஸை ஊற்றி மசாலாப் பொடி தூவியது. ப்ளுட்வுர்ஸ்ட், பூதாங் நுவார் இரண்டும் ரத்தத்தில் செய்தவை.

தொட்டுக்கொள்ளக் கெட்சப்பைக் கேட்பதற்கு முன் கடுகு வகைகளைப் பாருங்கள். கொழுப்பை வெட்ட வேண்டியது புளிப்பும் காரமும். டிஷோன் கடுகு, சாவர்க்ராவுட் என்கிற புளித்த முட்டைக்கோஸ், வினிகர் சேர்த்த உருளைக்கிழங்கு சாலட் இருந்தால் இரண்டாவது சாசேஜும் திகட்டாது. சிகாகோ பாணி ஹாட் டாகில் கெட்சப் கேட்டால் முறைப்பார்கள். அது அங்கே ஒரு சண்டைக்குரிய விஷயம்.

மாடோ பன்றியோ ஆகாதவர்கள், சைவர்கள்

சாசேஜின் பெயரில் இருப்பது உள்ளே இருக்கும் கறி மட்டும். கோழி சாசேஜ் பன்றிக்குடலிலோ மாட்டுக் கொலாஜனிலோ அடைத்திருக்கலாம். "உள்ளே என்ன கறி, உறை என்ன, எந்தக் கல்லில் சுடுகிறீர்கள்" என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

சைவத்துக்கு இம்பாசிபிள், பியாண்ட் போன்ற தாவரக் கறிவடைகள் கிடைக்கும். கறிவடை சைவமாக இருந்தும் சுற்றியுள்ளவை காலைவாரும். பிரியோஷ் பன்னில் முட்டையும் வெண்ணெயும் உண்டு. அயோலி, மயோனைஸ் இரண்டிலும் முட்டை. வொர்செஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன். ஃபிரைஸை மாட்டுக்கொழுப்பிலோ வாத்துக்கொழுப்பிலோ பொரிப்பதைச் சில உயர்தரக் கடைகள் பெருமையாகவே செய்கின்றன. கல்லும் பொதுவானது, தனிக் கல் உண்டா என்று கேட்டு, இல்லை என்றால் அடுப்புத்தட்டிலோ வாணலியிலோ தனியாகச் சுட முடியுமா என்று கேட்கலாம். கூட்டமில்லாத நேரத்தில் செய்துகொடுப்பார்கள்.

கையா, கத்தியா

இரண்டும் சரி. கையால் எடுப்பதென்றால் உள்ளங்கையால் மேல்பன்னை லேசாக அழுத்தி, பர்கரைத் தலைகீழாகப் பிடியுங்கள். மேல்பன் தடிமனாக இருப்பதால் சாறை அது தாங்கும்; கீழ்பன் நனைந்து கிழியாது. பிரெட்ஸல் பன் வேண்டாம் என்பது எங்கள் கட்சி: அது கடினமாக இருப்பதால் கடிக்கும் போதெல்லாம் உள்ளே இருப்பது பின்பக்கம் பிதுங்கும். ஃபிரைஸை முதலில் சாப்பிட்டுவிடுங்கள். பத்து நிமிடத்தில் நமத்துவிடும், பர்கர் அதைவிடக் கொஞ்சம் பொறுக்கும்.

பில்

அமெரிக்க மெனு விலையில் விற்பனை வரி சேராது. நியூயார்க் நகரில் அது 8.875 சதவீதம். 60 டாலருக்குச் சாப்பிட்டால் வரி 5.33. டிப்ஸ் வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம். 20 என்றால் 12 டாலர், ஆக மொத்தம் 77.33. கார்டு இயந்திரம் காட்டும் சதவீதப் பொத்தான் சில இடங்களில் வரியையும் சேர்த்துக் கணக்கிட்டு 13.07 என்று காட்டும். கூட்டமாகப் போனால் சேவைக் கட்டணம் ஏற்கெனவே போட்டிருக்கிறதா என்று பில்லைப் படியுங்கள். தெரியாமல் இரண்டு முறை கொடுப்பவர்கள் நிறைய. ஜெர்மனியில் 5 முதல் 10 சதவீதம் போதும். மேசையில் வைத்துவிட்டு வரக் கூடாது. 46 யூரோ பில்லுக்கு "50" என்று வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மிஞ்சியதைக் கட்டிக்கொண்டால் லெட்டூஸ், தக்காளியை எடுத்துவிட்டு, பன்னைத் தனியாக வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள், வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும். மறுநாள் சாசேஜை வட்டமாக நறுக்கி வெங்காயத்தோடு வதக்கலாம். தடித்த கறிவடையை உதிர்த்துத் தக்காளி சேர்த்துக் கொத்துக்கறியாக்கலாம். ஃபிரைஸைக் கட்டிக்கொண்டு வராதீர்கள்.