நன்னாரி ரூட் பீர்: இனிப்பும் மணமும் நிலைக்க

வேர், பட்டை, இனிப்பு மூன்றையும் கூட்டி ஈஸ்ட் போட்டு நுரைக்க வைக்கும் அமெரிக்க வீட்டுப் பானம் ரூட் பீர். அதன் பழைய மணம் சசாஃப்ரஸ் என்ற அமெரிக்க மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து வந்தது. அதிலுள்ள சாஃப்ரோல் புற்றுநோயைத் தூண்டக்கூடியது என்று 1960இல் அங்கே உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். நெல்லைச் சீமையில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை, நன்னாரி போதும். நன்னாரியின் மணப்பொருளும் வெனிலாவின் வெனிலினும் ஒரே அணுக்களால் ஆனவை, அடுக்கு மட்டும் வேறு. ரூட் பீருக்கு வேண்டிய அந்த இதமான வாசம் இயல்பாகவே கிடைத்துவிடும்.

முழுதாக நொதிக்கவிட்டு ஏல் என்ற பீர் வகையாக்குவது வேறு வேலை. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. இங்கே சொல்வது நுரை கட்டியதும் குளிரில் நிறுத்திவிடும் பானம். இதிலும் முக்கால் சதவீதம் வரை சாராயம் சேரும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஈஸ்ட் வேண்டாம். கீழே சொல்லும் நன்னாரிச் சாற்றைக் கெட்டியாக எடுத்துக் கோலி சோடாவில் கலந்து கொடுங்கள்.

4 லிட்டருக்கு: நன்னாரி வேர் 50 கிராம், கருப்பட்டி 150 கிராம், சீனி 200 கிராம், அதிமதுரம் 6 கிராம், சுக்கு 10 கிராம், ஏலக்காய் 4, கிராம்பு 2, அன்னாசிப்பூவில் இரண்டு இதழ், எலுமிச்சை 2, உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டியில் பாதி.

உடன்குடிக் கருப்பட்டி கையில் இருக்கும்போது சீனி எதற்கு என்று தோன்றும். கருப்பட்டியின் புகைவாசமும் மெல்லிய உப்புச் சாயலும் பலமானவை. இனிப்பில் பாதிக்கு மேல் போனால் நன்னாரி அடங்கிவிடும், பானகம் குடிப்பதுபோல் ஆகிவிடும். பதநீரை அடிப்பானமாக வைக்கவே வேண்டாம். அதிலிருக்கும் காட்டு ஈஸ்ட் நம் கணக்கு எதற்கும் கட்டுப்படாது.

நன்னாரியைக் கழுவி, தட்டி, நடுவிலுள்ள வெள்ளைக் குச்சியை உருவி எறியுங்கள். மணம் முழுதும் மேல்தோலில்தான். ஒன்றரை லிட்டர் தண்ணீரில் அதிமதுரம், சுக்கு, மற்ற மசாலாவைத் தட்டிப்போட்டு 15 நிமிடம் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து நன்னாரியைப் போட்டு, இறுக்கமான மூடி போட்டு 4 மணி நேரம் ஊறவிடுங்கள். நன்னாரியைக் கொதிக்க வைத்தால் மணம் ஆவியோடு போய், கஷாயத்தின் கைப்பு மட்டும் மிஞ்சும். பலரும் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கருப்பட்டியையும் சீனியையும் அரை லிட்டர் சுடுநீரில் கரைத்துத் துணியில் வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மணலும் நாரும் இருக்கும். ஊறிய சாற்றையும் வடித்து இதோடு சேர்த்து, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி 4 லிட்டராக்குங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் ஈஸ்ட்டை மந்தமாக்கும், கொதித்தால் போய்விடும். உப்புச் சாயல் உள்ள போர் தண்ணீர் ஆகாது. எலுமிச்சை பிழிந்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே, 35 டிகிரிக்குள் ஆறியபின், வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறிய ஈஸ்ட்டைக் கலக்குங்கள்.

இனிப்பை இந்தக் கட்டத்தில் பாருங்கள், ஆனால் ஒரு கரண்டி எடுத்து ஃப்ரிட்ஜில் குளிரவைத்து ருசியுங்கள். குளிர்ந்தால் இனிப்பு மங்கும், நுரை வந்தால் புளிப்பு கூடும். ஆகவே இப்போது கொஞ்சம் திகட்டுவதே சரியான அளவு. லிட்டருக்கு ஏறக்குறைய 85 கிராம் இனிப்பு இருக்கிறது. நல்ல நுரைக்கு ஈஸ்ட் தின்பது 12 கிராம்தான். நேரம் கடந்தால் மிச்சத்தையும் தின்னும், இனிப்பு இறங்கும், அழுத்தம் ஏறும். அதிமதுரம் சேர்ப்பது இதற்காகவும்தான்: அதன் இனிப்பை ஈஸ்ட்டால் தொட முடியாது, நுரையும் நன்றாக நிற்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை விட்டுவிட வேண்டும்.

சீனி குறைக்க நினைப்பவர்களுக்கு நல்ல வழி உண்டு. ஈஸ்ட்டின் பங்காக 50 கிராம் கருப்பட்டி மட்டும் போட்டு, மற்ற இனிப்பைச் சீனித்துளசிப் (ஸ்டீவியா) பொடியால் சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டுங்கள். சீனித்துளசியின் பின்கசப்பு சுக்கிலும் அன்னாசிப்பூவிலும் மறைந்துவிடும். தின்னச் சீனி தீர்ந்ததும் ஈஸ்ட் தானாக அடங்குவதால் அழுத்தமும் எல்லை மீறாது. வெளிநாட்டில் ஏலாகவே காய்ச்சுபவர்கள் இனிப்பு மிஞ்சுவதற்காக லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் சேர்க்கிறார்கள், பீர் ஈஸ்ட் அதைத் தின்னாது.

சோடா வந்த பெட் பாட்டில்களில் இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பி மூடுங்கள். கண்ணாடி கூடவே கூடாது, வெடித்தால் கண் போகும். நிழலில் வைத்து, எட்டு மணி நேரத்துக்குப் பிறகு மணிக்கொரு முறை அமுக்கிப் பாருங்கள். கல்லுபோல் இறுகியதும் உடனே ஃப்ரிட்ஜுக்கு. சித்திரை வெயிலில் அரை நாளில் இறுகிவிடும். மார்கழியில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஃப்ரிட்ஜில் ஒரு நாள் இருந்தால் ஈஸ்ட் அடியில் படியும். மெல்லத் திறந்து, மண்டியைக் கலக்காமல் ஊற்றுங்கள். ஒரு வாரத்துக்குள் குடித்துவிட வேண்டும். குளிர் ஈஸ்ட்டைத் தூங்க வைக்குமே தவிரக் கொல்லாது, கரண்ட் நீண்ட நேரம் போனால் மூடியைத் தளர்த்திவிடுங்கள்.

நுரையே வரவில்லையா? ஈஸ்ட் சூட்டில் செத்திருக்கும், அல்லது கடை நன்னாரி சர்பத்தை ஊற்றியிருப்பீர்கள். கெடாமலிருக்க அதில் பெரும்பாலும் சேர்க்கும் சோடியம் பென்சோயேட் ஈஸ்ட்டை வளரவிடாது. மாவு வாடை அடித்தால் ஈஸ்ட் அதிகம். காடிப் புளிப்பு வந்தால் பாட்டில் சுத்தமில்லை, கொட்டிவிடுங்கள். பல் மருந்து வாசம் கிராம்பு கூடியதால் வருவது.

அமெரிக்கச் செய்முறைகளில் விண்டர்கிரீன் என்று பார்த்துவிட்டு, ஊட்டியில் வாங்கிய விண்டர்கிரீன் தைலத்தைச் சொட்டு விடாதீர்கள். அது மூட்டில் தேய்க்கும் மருந்து. ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. கூடுதல் மணம் வேண்டுமென்றால் ஒரு பிடி வெட்டிவேரை நன்னாரியோடு சேர்த்து ஊறவிடுங்கள்.