கடைக்கு ஃபால்ஸ் சீலிங்: தொங்கும் கம்பியைக் கவனியுங்க

திருநெல்வேலியில் வண்ணாரப்பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கம் புதுக் கடைகளில், சட்டக் கட்டங்களில் 2×2 அடி டைல் போட்ட கிரிட் சீலிங்தான் அதிகம். சில மாதத்தில் நடுவில் தொய்வு தெரிந்தால் டைலைக் குறை சொல்லாதீங்க. முதலில் சட்டத்தைத் தளத்திலிருந்து தொங்கவிடும் கம்பியைப் பாருங்க.

6 மீட்டருக்கு 9 மீட்டர் ஹாலில் நீளவாக்கில் 1.2 மீட்டர் இடைவெளியில் 5 வரிசை மெயின் டீ (முக்கியத் தாங்கு சட்டம்) வரும். சுவரிலிருந்து 45 செ.மீ.க்குள் முதல் கம்பி, பிறகு 1.2 மீட்டருக்குள் ஒன்று. வரிசைக்கு 8, மொத்தம் 40 கம்பி. ஒன்றைக்கூடக் குறைக்க விடாதீங்க.

கம்பியை மாட்ட, கான்கிரீட்டில் ஆங்கர் ஃபாஸ்டனரும் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்), கம்பி கோக்கும் கிளீட்டும்தான் சரி. மரக்கட்டையோ பிளாஸ்டிக் பிளக்கோ அடித்தால் நாளடைவில் நழுவும். டவுனில் உள்ள பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) கட்டடங்களில் செங்கல்லில் துளை போடவே கூடாது. உத்தரத்திலிருந்து சேனல் (உலோகச் சட்டம்) கட்டி, அதில் தொங்கவிடணும். கம்பி நுனியைக் குறைந்தது 3 சுற்று இறுக்கி முறுக்கணும். ஏசி டக்ட் (காற்றுக் குழாய்) குறுக்கே வந்தால் கம்பியைச் சாய்த்தோ டக்டிலோ கட்டக் கூடாது. டக்டுக்குக் கீழே தனிச் சேனல் கொடுங்க. கனமான லைட்டுக்கும் சீலிங்கில் பதிக்கும் கேசட் ஏசிக்கும் தளத்திலிருந்து தனிக் கம்பி வேணும்.

இன்னொன்று: ஆனி, ஆடிக் காற்றில் ஷட்டரைத் தூக்கியதும் வாசல் பக்க டைல் எழும்பி விழும். முதல் இரண்டு வரிசைக்காவது, டைலை எழும்பாமல் பிடிக்கும் ஹோல்டு டவுன் கிளிப் போடச் சொல்லுங்க.